பாயோடு ஆடிய காலை ஆட்டம்

பங்குனி முடிவதற்குள் எங்கள் கோல்ஃப் திடலின் வாசலில் கோடைக்கால அறிவிப்பைக் கட்டிவிடுவார்கள். இந்த வருஷமும் கட்டினார்கள். மேலே ஒரு சூரியன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தது. விருத்தாசலத்துச் சித்திரை வெயில் சிரிக்கக்கூடியது என்று அதை வரைந்தவனுக்கு யார் சொன்னார்களோ. அதற்குக் கீழே ஏழு செய்திகள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஏழையும் நின்று படித்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். குடும்பத்தோடு வந்தால் நன்னாரி சர்பத் இலவசம். மாதச் சந்தாக்காரர்கள் விருந்தாளி ஒருவரை அழைத்து வரலாம். புதிதாக விளக்குக் கம்பங்கள் போட்டிருப்பதால் இரவு ஒன்பது வரை ஆடலாம். வைகாசியில் ஜோடிப் போட்டி. இந்த ஐந்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆறாவது, பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி முகாம். வெள்ளி தவிர எல்லா நாளும், காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. முகாம் நேரத்தில் மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஏழாவதுதான் எங்களுக்கு. மூத்த குடிமக்களுக்குக் கோடை முழுவதும் கட்டணமே கிடையாது, காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை.

அக்னி நட்சத்திரத்தில், நிழல் இல்லாத பொட்டலில், பதினொன்று முதல் மூன்று வரை. அந்த நேரத்தில் அங்கே ஓணான்கூட நடமாடாது.

விருத்தாசலத்தில் கோல்ஃபா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். என் மருமகன் இன்றுவரை நான் ஏதோ கோலி விளையாட்டைச் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். பீங்கான் தொழில் நடத்திய ஒரு குடும்பம், மண் எடுத்து ஓய்ந்த நிலத்தை ஊருக்குப் பொதுவாக விட்டது. ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்பது குழிகள்தான். புல் கிடையாது. புல் வளர்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? ஒவ்வொரு குழியையும் சுற்றி வட்டமாக ஒரு தளம். சலித்த மணலோடு உடைந்த பீங்கானை அரைத்த தூளைக் கலந்து, வேப்பூர் ரோட்டு லாரிப் பட்டறைகளிலிருந்து வரும் கழிவு எண்ணெயை விட்டுப் பிசைந்து, உருளை ஓட்டி இறுக்கியது. அதற்குப் பெயர் பிரவுன். குழிக்குள் அடியில்லாத ஊறுகாய் ஜாடி ஒன்றைப் புதைத்திருப்பார்கள். சூளையில் கோணிப்போனவை. பந்து உள்ளே விழுந்தால் ணங்கென்று கேட்கும். வெளியில் தரை கட்டாந்தரை என்பதால், ஆளுக்கு ஒரு தென்னைநார் மிதியடித் துண்டைக் கையில் கொண்டு போவோம். பந்து நின்ற இடத்தில் அதைப் போட்டு, மேலே பந்தை வைத்து அடிப்போம்.

இந்த வித்தையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்தவர் பாய். மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஒரு மணல் திடலில் இருபத்தாறு வருஷம் தளம் பராமரிக்கிற வேலை பார்த்துவிட்டு வந்தவர். குழுவில் யாரோ அவரைப் பிடித்து வந்து யோசனை கேட்டார்கள். அவர் யோசனையும் சொல்லி, மண்ணையும் பிசைந்து கொடுத்தார். திடல் திறந்த புதிதில் வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் ஒரு மட்டையைக் கொடுத்து, அடிச்சுப் பாருங்க சார் என்றவரும் அவர்தான்.

நான் ஜங்ஷனில் சரக்கு அலுவலகத்தில் இருந்தவன். பி.எஸ்ஸி. கணிதம். முப்பத்து நான்கு வருஷம் வேகன் எண்ணினேன். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், வீட்டில் மனைவி தோசைக்கு எத்தனை கரண்டி மாவு ஊற்றுகிறாள் என்று எண்ணி வசவு வாங்கிக்கொண்டிருந்த காலம். இந்த விளையாட்டில் எண்ணுவதுதான் விளையாட்டே என்று தெரிந்ததும் விழுந்துவிட்டேன். நம் அடியை எதிராளியும் எதிராளியின் அடியை நாமும் எண்ண வேண்டும் என்பது முறை. நான் இரண்டையும் எண்ணுவேன். பாய் மறுப்புச் சொன்னதில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

ஆறு வருஷம் அப்படி ஆடினோம். காலையில் நான்கு பேர் வருவோம். பெண்ணாடம் வண்டியில் கண்டக்டராக இருந்தவர் ஒருவர், தனியார் மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர் ஒருவர், பாய், நான். அவர்கள் இருவரும் ஒரு ஜோடி, நாங்கள் ஒரு ஜோடி, போட்டி அந்தந்த ஜோடிக்குள்ளேதான். குறைந்த அடியில் பந்தைப் போட்டவருக்குக் குழி சொந்தம். தோற்றவர் சாக்கு இழுக்க வேண்டும். செங்கல் வைத்துத் தைத்த கோணிச் சாக்கைக் கயிறு கட்டி, ஜாடியிலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே இழுத்து வந்தால், கால்தடமும் பந்துத்தடமும் மறைந்து அடுத்தவர்களுக்குத் தளம் புதிதாகிவிடும்.

எங்கள் ஜோடியில் சாக்கு இழுத்தது பெரும்பாலும் பாய். பத்து நாளில் எட்டு நாள் ஆட்டம் எனக்குத்தான். தூரத்து அடியெல்லாம் நன்றாகவே அடிப்பார். பிரவுனுக்கு வந்ததும் பந்து ஜாடிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும், அல்லது விளிம்பைத் தொட்டுத் தாண்டிப் போய்விடும். "இன்னிக்கும் நின்னுருச்சு பாருங்க சார்" என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கயிறை எடுப்பார். நான் அவருக்கு யோசனை சொல்வேன். மணிக்கட்டை ஆட்டாதீங்க பாய், தோளிலேருந்து வரணும் என்பேன். செய்தும் காட்டுவேன். அவர் கவனமாகத் தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

இந்தக் காலை ஆட்டத்தைத்தான் அந்த அறிவிப்பு பறித்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், எட்டு மணிக்கு மேல் வெயிலில் தலை காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் எனக்குப் பந்து இரண்டாகத் தெரியும். இரண்டு கண்ணிலும் அறுவை செய்துகொண்டது அந்த ஒரு விஷயத்துக்கு உதவவில்லை. ஆக, வெள்ளி ஒரு நாள் மிச்சம் என்றாலும், காலை இல்லையென்றால் மற்ற நாளெல்லாம் எனக்குத் திடல் இல்லை. திடல் இல்லையென்றால் நாள் முழுவதும் வீடுதான்.

அன்று காலை நால்வரும் அறிவிப்பின் கீழே நின்று பேசினோம். கண்டக்டருக்குக் கோபம் வந்தது. கம்பவுண்டர், நம்ம ஊர்ல கெழவனுக்கு எப்பவுமே மத்தியானம்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை குழுவின் கூட்டம் இருந்தது. நான்கு பேருமாகப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். யார் பேசுவது என்பதில் பிரச்சினை இல்லை. பாய் சொன்னார்:

"நீங்க பேசுங்க சார். நாங்க கூட இருக்கோம்."

இந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாய் என்னிடம் "நாங்க" என்று பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் "நான்" என்பார்.

கூட்டம் திடலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்தது. பதினொரு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கண்டக்டர் வரவில்லை, பெண்ணாடத்தில் கல்யாணம் என்றார்கள். கம்பவுண்டர் வந்து பின்னால், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் முன்னமே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, குழுவினரின் வரிசையில் ஓர நாற்காலியில் இருந்தார். இடம் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இடம் இருந்தது. எனக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலிகள் காலி.

நான் எழுந்து பேசினேன். ஆறு வருஷமாக மழை நாள் தவிர ஒரு நாள் விடாமல் வருகிறவர்கள் நாங்கள், பிரவுன்களைச் சொந்த வீட்டு வாசல் மாதிரி பார்த்துக்கொண்டவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை வேண்டாமென்று சொல்லவில்லை, ஒன்பது குழியில் நான்கை எங்களுக்கு விட்டால் போதும் என்றேன். பதினொரு மணிச் சலுகையைப் பற்றிச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் பக்கம் சாய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், இங்கே இருக்கிற நாங்கள் எல்லோருமே இதைத்தான் சொல்கிறோம் என்று முடித்துவிட்டுப் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர்தான் குழுவின் செயலாளர். அந்தச் சூரியனும் அவருடைய கைவண்ணம். அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க பேசுறது எனக்குப் புரியல. இந்த டைமெல்லாம் போட்டதே பாய்தானே. முகாமுக்கு மாஸ்டரும் அவருதான். மாசி மாசமே பேசி முடிச்சிட்டோமே. உங்ககிட்ட சொல்லலியா?"

மாசியிலேயே. அதற்குப் பிறகு பங்குனி முழுவதும் நாங்கள் சேர்ந்து ஆடியிருக்கிறோம். தினம் ஒன்பது குழி. தினம் டீ.

கம்பவுண்டர் பின்னாலிருந்து மெதுவாக எழுந்து, என் பேத்தியும் சேந்திருக்குது, அதனால நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்டக்டரின் பேரன்கள் இருவரும் முகாமில் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. கல்யாணம் உண்மைதானா என்று நான் விசாரிக்கவில்லை.

பாய் எழுந்து என்னிடம் வந்தார். ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவில்லை. அவள் ஆச்சரியப்பட்டு நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. சொல்லிக்குடுக்க ஆளு வேணும்னா அந்த மனுசனத்தான கூப்புடுவாங்க, உங்களையா கூப்புடுவாங்க என்று கேட்டாள். கூப்பிட்டது தப்பில்லை, மறைத்ததுதான் தப்பு என்றேன். மறைத்தது தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள்.

பத்து நாள் வீட்டிலிருந்தேன். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். பாய் இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. ஒருமுறை தன் மகனிடம் மாம்பழம் கொடுத்தனுப்பினார். மனைவி வாங்கி வைத்தாள். நான் தொடவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டு நல்ல பழம் என்றாள்.

பதினோராம் நாள் விடியலில் திடலுக்குப் போனேன். ஆட அல்ல. முகாமில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்திருப்பதாகச் செயலாளர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எண்ணிவிட்டு வரலாம் என்று போனேன். ரோட்டோரம் வேலிக்காத்தான் புதர் ஒன்று உண்டு. அதன் பின்னால் நின்றால் மூன்றாவது பிரவுன் கிட்டத்தில் தெரியும்.

பிள்ளைகள் இருபத்தெட்டு. அது ஒரு சின்ன திருப்தி. எல்லோரும் பிரவுனைச் சுற்றி வட்டமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாய். கால்சட்டை, தொப்பி. ஆறு வருஷமாகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவரை அந்த உடையில் அடையாளம் காணவே ஒரு கணம் ஆயிற்று. அவர் காலடியில் ஆரஞ்சுப் பந்துகளை வரிசையாக வைத்திருந்தார். ஜாடிக்கும் அவருக்கும் இரண்டு ஆள் நீளம் இருக்கும்.

அடித்தார். ணங்.

குருட்டாம்போக்கில் விழுந்தது என்று நினைத்தேன். அடுத்ததை அடித்தார். அதுவும் உள்ளே போனது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பேசிக்கொண்டே அடித்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அடித்தார், ஒரு பெண்பிள்ளை ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அடித்தார். ஏழு பந்து. ஏழும் ஜாடிக்குள். மணிக்கட்டு அசையவே இல்லை. பிறகு இடம் மாறி, தளத்தின் ஓரத்துக்குப் போய், இன்னும் தள்ளி நின்று மூன்று அடித்தார். மூன்றும் உள்ளே.

ஆறு வருஷத்தில் அவர் அந்தத் தூரத்திலிருந்து என் முன்னால் ஒரு பந்தும் போட்டதாக எனக்கு நினைவில்லை. ஒன்றுகூட. இரண்டு சாண் தூரத்தில்கூடத் தவறவிட்டிருக்கிறார். அந்த மனிதருக்குத்தான் நான் தோளிலேருந்து வரணும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முள் கையில் கீறியது தெரியாமல் நின்றிருக்கிறேன். முகாம் நேரத்தை மறைத்தது எனக்கு அப்போது ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அதில் பறிபோனது ஒரு கோடைதான். இதில் ஆறு வருஷம் போயிற்று. எத்தனை காலை, டீக்கடையில் சைக்கிளை நிறுத்தும்போதே ஆறுக்கு மூன்று என்றும் ஏழுக்கு இரண்டு என்றும் சொல்லிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். பாய் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு, சாரு இன்னிக்கு விடவே இல்ல என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் கலைந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தும் நான் நகரவில்லை. பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்து, கைக்குட்டையை எடுத்தார். நான் வாங்கவில்லை.

"பத்துக்குப் பத்து" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"பாத்துட்டீங்களா."

"எத்தினி வருசம் பாய்? மொதல்லேருந்தேவா?"

"மொதல்லேருந்து இல்ல சார். ரெண்டாவது வாரத்துலேருந்து."

வேப்ப மர நிழலுக்கு வரச் சொன்னார். போகாமல் இருந்திருக்கலாம், வெயில் போக வைத்தது. அங்கே நின்று சொன்னார். வளைகுடாவில் அவர் வேலை பார்த்த திடலில், வெள்ளிக்கிழமை காலைகளில் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மூன்று பேர் ஆடுவார்களாம். நான்காவது ஆள் குறைந்த ஒரு நாள், சாக்கு இழுக்க நின்றுகொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு ஆடச் சொன்னார்களாம். இவரும் ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் ஆடிப் பழகியவர்தான். அன்றைக்கு ஒன்பதில் ஏழு இவருக்கு. எல்லோரும் கைகொடுத்தார்களாம், தட்டிக்கொடுத்தார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை இவரைக் கூப்பிடவில்லை. ஆள் இருக்கிறது என்றார்களாம். அதற்கு அடுத்த மாதம் திடலின் கடைசிக் கோடியில் ராத்திரி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு ஒரு வருஷம் கழித்து மறுபடி ஆள் குறைந்தபோது கூப்பிட்டார்கள். இவர் தோற்றார். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அதெல்லாம் அங்க. இங்க நான் என்னா பெரிய அதிகாரியா?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க சார். நாம ஆட ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாளு ஒம்போதுல எட்டு நான் போட்டேன். ஞாபகம் இருக்குதா? மறுநாளு நீங்க வரல. அதுக்கு மறுநாளும் வரல."

"காய்ச்சல் பாய் எனக்கு."

"அப்பிடித்தான் சார் அங்கயும் ஏதாச்சும் சொல்லுவாங்க."

நிஜமாகவே காய்ச்சல்தான். ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த மழைக்காலம் அது. மாத்திரை போட்டுக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுந்து வந்த மூன்றாம் நாள் ஐந்துக்கு நான்கில் ஜெயித்தேன், அதுவும் நினைவிருக்கிறது. காய்ச்சல்காரனாக இருந்தும் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். என் இரண்டு நாள் காய்ச்சலை இந்த மனிதர் அங்கத்து அதிகாரிகளின் கணக்கில் சேர்த்து, அதன் மேல் ஆறு வருஷ ஆட்டத்தைக் கட்டிவிட்டார்.

"நேர்ல கேட்டிருக்கலாமே."

"எப்பிடி சார் கேக்கறது? தோத்துட்டதுனால வரலியான்னா?"

சரி, முகாமையாவது ஏன் மறைத்தீர்கள் என்றேன். தினமும் சொல்ல வேண்டும் என்றுதான் வந்ததாகவும், ஜெயித்துவிட்டுச் சந்தோஷமாக இருக்கிற முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடும் என்றும் சொன்னார். பிறகு சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"புள்ளைங்களுக்கு முன்னால தப்பா போட முடியாதுங்களே சார். சொல்லிக் குடுக்கற எடத்துல உள்ள போட்டுத்தான் ஆவணும். அதுக்கோசரம்தான் ஒத்துக்கிட்டேன். கூட்டத்துல நான் நின்னு சொல்லியிருக்கணும். அது தப்புதான்."

அப்போது அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். படிக்கிறவர்களுக்கு வரலாம். எனக்கு வரவில்லை. என்னோடு ஆடுவது அவருக்கு உத்தியோகமாக இருந்திருக்கிறது என்பதுதான் காதில் கேட்டது. நான் சிநேகிதன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், சம்பளம் கொடுக்காத எஜமானாக இருந்திருக்கிறேன். என்னைக் கேட்காமலே அந்த இடத்தில் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். சாட்சி ஒன்று வேண்டியிருந்தது.

"காய்ச்சலா? நெத்தியத் தொட்டுப் பாத்தேன், கொஞ்சம் சுட்டுது" என்றாள். பிறகு, "தாயம் ஆடித் தோத்தாலும் உங்களுக்குச் சுடும்" என்றாள்.

இரண்டு மாத்திரை சாப்பிட்டேனே என்றேன். சாப்பிட்டீங்க, குடுத்தா சாப்பிடுவீங்க என்றாள். அவளிடம் அதற்கு மேல் சாட்சி கிடைக்கவில்லை. அதையே யோசித்துக்கொண்டு அன்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் நூறு இருந்ததா, நூற்றொன்றா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் அளந்து பார்க்காமல் விட்ட ஒன்று இப்படி வந்து நிற்கிறது.

வியாழக்கிழமை நானே போன் செய்தேன். நாளைக்கு முகாம் இல்லை, ஐந்தரைக்கு வாருங்கள், ஆனால் மறைக்காமல் ஆட வேண்டும் என்றேன். வேணாம் சார் என்றார். வந்தால் வாருங்கள், இல்லையென்றால் இனி எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். பழைய கைலிதான். முதல் குழியில் நான் நான்கு அடியில் போட்டேன், அவர் இரண்டில். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே. சாக்குக் கயிறை எடுக்க அவர் கை நீண்டது. தோற்றவர் இழுக்கணும் என்று நான் வாங்கிக்கொண்டேன். செங்கல் இவ்வளவு கனம் என்று தெரியாது. வட்டம் கோணல்மாணலாக வந்தது, நடுவே என் செருப்புத் தடம் இரண்டு அப்படியே கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சரிசெய்ய வேண்டும் என்று கை துடித்ததைக் கண்டேன். செய்யவில்லை. அந்த அளவுக்கு என் நிபந்தனையைக் காப்பாற்றினார்.

நான்கு, ஐந்து, ஆறு. அவர் ஆடுகிறபோது முகத்தில் சந்தோஷம் தெரியுமா என்று பார்த்தேன். இல்லை. பிள்ளைகள் முன்னால் பேசிச் சிரித்துக்கொண்டு அடித்தவர், என் முன்னால் வாயைத் திறக்காமல், வேலை செய்கிறவர் மாதிரி அடித்துக்கொண்டு போனார். ஏழாவதில் நான் எண்ண மறந்துவிட்டேன். ஐந்தா ஆறா என்று நின்றபோது, ஆறு சார் என்று அவர் சொன்னார். என் அடியை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எட்டாவதும் அவருக்கே.

ஒன்பதாவதில் என் பந்து ஜாடிக்கு நான்கு சாண் தள்ளி நின்றது, அவருடையது இரண்டு சாண். அடிகள் சமம். நான் அடித்தேன். கொஞ்சம் வலது பக்கம் போய், திரும்பி, விழுந்தது. இப்போது அவர் போட்டால் குழி சமன், தவறினால் எனக்கு. குனிந்தார். பந்து ஜாடியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்து நின்றது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது எப்பிடி?" என்றேன்.

"போவல சார்."

"ரெண்டு சாண்."

"எனக்கும் தப்பும் சார். மனுசன்தானே."

"மணிக்கட்டு ஆடுச்சு. நான் பாத்தேன்."

"ஆடியிருக்கும். வேணும்னு ஆட்டல."

சத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"சத்தியமெல்லாம் கேக்காதீங்க. நான் செஞ்சி குடுத்தாலும் நீங்க நம்பப் போறதில்ல. கேட்டுட்டா அப்புறம் நாம ஆட முடியாது."

கேட்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அதற்கு அடுத்ததும். நேற்றோடு ஐந்து வெள்ளி ஆயிற்று. முகாம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, பிறகு பழையபடி தினமும் வரலாம் என்கிறார். டீக்கடையில் யாராவது கேட்டால் தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். நேற்று ஒன்பதில் ஏழு தோற்றேன். அந்த ஏழில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயித்த இரண்டைத்தான் நேற்றிலிருந்து மனசுக்குள் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.